துக்க வீட்டில் நாவைக் காப்போம்



யோபுவின் மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இராப்பகலாய் ஒன்றும் பேசாமல் அவரோடேகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அது நல்ல ஊழியம். வாயைத் திறந்த பிறகுதான் அவருடைய வேதனையைக் கூட்டினார்கள். முடிவில் தேவகோபத்துக்கும் ஆளானார்கள் (42:7).

நம் ஆலங்காயத்துத் துக்க வீடுகளிலும் ஒரு பேச்சைக் கேட்கிறேன்: “விசுவாசம் இருந்திருந்தா பொழைச்சிருப்பாரு.” விதவையிடம் இதைச் சொல்லலாமா? லாசருவை எழுப்பப்போகிறதை அறிந்திருந்தும் இயேசு அழுதாரே (யோவான் 11:35)!

ஆகையால் சாவுக்குக் காரணம் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைங்க சாப்பிட்டாங்களா என்று பாருங்கள். அடக்க ஆராதனையோடு நிறுத்திவிடாமல் எட்டாம் நாளும் போங்கள். மலையேறிப் போகவேண்டியிருந்தாலும் போங்கள். சொந்தக்காரங்க கிளம்பினபிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும்.

கர்த்தர்தாமே நம் நாவைக் காப்பாராக. ஆமென்.