ஒரே நுரையீரல் நோய், நான்கு விதமான அறிகுறிகள்

காஜாங் வட்டார மூத்த குடிமக்களுக்கான சுகாதாரக் குறிப்பு

"வயதாகிவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று பலர் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் அது வயதினால் மட்டும் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள்.

இந்நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகிவிடும். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் நெஞ்சிலேயே தங்கிவிடும். புகைபிடிப்பதே முக்கியக் காரணம். ஆனால் புகைபிடிக்காதவர்களுக்கும் இது வரும். எல்லாரிடமும் ஒரே மாதிரியும் தெரியாது.

1. சளி, இருமல் அதிகம் உள்ளவர்கள்

ஆண்டுக்கு குறைந்தது 3 மாதமாவது சளியுடன் இருமல் இருந்து, அது தொடர்ந்து 2 ஆண்டுகள் நீடித்தால், அதை நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்கிறோம். இவர்களில் பலர் பல ஆண்டுகள் சிகரெட், சுருட்டு, பீடி பிடித்தவர்கள். காலையில் எழுந்ததும் சளி வரும். அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்து நோய் முற்றும். நோய் மிகவும் முற்றிய சிலருக்குக் கால் வீங்கும், உதடு நீலம் பாயும்.

2. உடல் மெலிந்து மூச்சு வாங்குபவர்கள்

நுரையீரலின் முனையில் உள்ள சின்னஞ்சிறு காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைந்துவிடும். இவர்களுக்கு இருமல் குறைவாக இருக்கலாம். ஆனால் சந்தைக்கு நடந்துபோனாலே மூச்சு முட்டும். உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விடுவார்கள். சாப்பிடும்போதும் மூச்சு வாங்குவதால் உணவு குறையும், எடை இறங்கும், தசை கரையும்.

3. ஆஸ்துமாவும் சேர்ந்தவர்கள்

சிறு வயதிலிருந்தே இழைப்பு, தும்மல், தோல் அரிப்பு உள்ளவர்கள் இவர்கள். ஒரு நாள் நன்றாக இருப்பார்கள், மறுநாள் திணறுவார்கள். இரவிலும் விடியற்காலையிலும் நெஞ்சில் "கீச் கீச்" என்று சத்தம் கேட்கும்.

4. அடுப்புப் புகையிலும் வேலைத்தலப் புகையிலும் இருந்தவர்கள்

இவர்களைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தோட்ட வீடுகளில் பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்த பெண்கள், ரப்பர்த் தகடுகளை விறகுப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்கள், தூசி நிறைந்த தொழிற்சாலைகளில் இருந்தவர்கள் ஆகியோர் சிகரெட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். விறகுப் புகையால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காற்றுப் பைகளின் சிதைவைவிட, சிறிய மூச்சுக்குழாய்கள் தடித்துக் குறுகுவதே பொதுவாக அதிகம். இருமலும் இழைப்பும் இருப்பதால் "ஆஸ்துமா" என்று நினைத்துவிட நேரிடலாம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு தங்கி, இதே போன்ற அடைப்பு ஏற்படலாம்.

ஒருவரிடமே இரண்டு மூன்று விதங்கள் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே ஆளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஸ்பைரோமெட்ரி. மூச்சை முழுவதும் இழுத்து, ஒரு குழாயில் வேகமாகக் கடைசிவரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு விநாடியில் வருவது 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். வலி கிடையாது. எக்ஸ்ரே மட்டும் எடுத்து இந்நோயை உறுதி செய்ய முடியாது.

விதம் தெரிவதால் என்ன பயன்?

ஆஸ்துமா சேர்ந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் மிகவும் தேவை. அது தேவைப்படாதவருக்குக் கொடுத்தால் நிமோனியா வரும் வாய்ப்பு கூடலாம். மெலிந்தவர்களுக்குச் சத்தான உணவும் உடற்பயிற்சியும் மருந்தைப் போலவே முக்கியம். சளி அதிகம் உள்ளவர்களுக்குச் சளியை வெளியேற்றும் பயிற்சி உதவும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

எந்த விதமாக இருந்தாலும் புகைபிடிப்பதை நிறுத்துவதே முதல் சிகிச்சை. எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தது போன்ற புகைமூட்டக் காலத்தில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை

• எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் அல்லது பீடி பிடித்தீர்கள்?
• எத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தீர்கள்?
• தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் என்ன வேலை செய்தீர்கள்?
• சிறு வயதில் இழைப்பு இருந்ததா? காசநோய் வந்ததா?
• அண்மையில் எடை குறைந்ததா?

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மொழி சிரமம் என்றால் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பயன்படுத்தும் இன்ஹேலரையும் கொண்டுபோய், சரியாக இழுக்கிறீர்களா என்று காட்டிக் கேளுங்கள்.

பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால், உதடு நீலமானால், குழப்பமோ அதிகத் தூக்கமோ வந்தால், காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்: சிதைந்த நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால், இருக்கும் மூச்சைக் காத்துக்கொள்ளலாம்.