குத்தகைக் காணியில் அன்னாசி

கொஸ்தாரிக்கா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் பெரிய கம்பனிகள் பரந்த தோட்டங்களில் அன்னாசி பயிரிடுகின்றன. சொந்தக் காணி இல்லாதவர்களும் இதைச் செய்யலாமா? கேரளத்தின் வாழக்குளம் பகுதியைப் பார்ப்போம்.

அங்கே முதிர்ந்த இறப்பரை வெட்டிப் புதுக்கன்று நட்டபின், முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வரிசைகளுக்கிடையில் நல்ல வெயில் விழும். பலர் அவ்விடத்தைக் குத்தகைக்கு எடுத்து, 'மொறீசியஸ்' இன அன்னாசி நடுகின்றனர். 2009இல் வாழக்குளம் அன்னாசி புவிசார் குறியீடும் பெற்றது.

குத்தகைக் காணியில் காலமே முக்கியம். ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. பழத்தின் கொண்டையை நட்டால் பலன்தர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செல்லும். அடியில் வெடிக்கும் பக்கக்கன்று ஒன்றரை ஆண்டளவில் பலன்தரும்.

2. அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையான கன்றுகளைத் தெரிந்து, ஒத்த அளவானவற்றை ஒன்றாக நடுவோம். சிறிதும் பெரிதும் கலந்தால் அறுவடை சிதறும். லொறி நிரம்பாவிட்டால் வியாபாரி வரமாட்டார்.

3. கன்றுகளை ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு நடுவோம். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம், அடி அழுகிவிடும்.

4. இரண்டாம் அறுவடை முடியும்வரை காணி நம்மிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவோம்.

காணியை விட்டுச் செல்ல நேர்ந்தால், பக்கக்கன்றுகளைக் கழற்றி உடன் கொண்டு செல்லலாம். சில வாரங்கள் நடாமல் வைத்தாலும் அவை பட்டுப்போவதில்லை.