இருமுறை எரிந்த படம்

1431-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் புனித ஜோன் ஆஃப் ஆர்க் ரூவான் நகரில் உயிருடன் எரிக்கப்பட்டதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவரது விசாரணையைப் பற்றி டென்மார்க் நாட்டவரான கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த மௌனப் படமும் தீக்கிரையாயிற்று என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

படம் வெளிவந்தது 1928-இல். பாரிஸில் திரையிடுமுன் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் வற்புறுத்தியதால் சில பகுதிகள் வெட்டப்பட்டன. (இதை நாம் மறைப்பானேன்?) அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் மூல நெகட்டிவ் எரிந்தது. ஒதுக்கி வைத்திருந்த வேறு காட்சிப் பதிவுகளைக் கொண்டு டிரையர் மீண்டும் தொகுத்தார். அந்த நெகட்டிவும் 1929-இல் எரிந்தது. தம் படம் அழிந்துவிட்டதென்றே எண்ணி 1968-இல் அவர் மறைந்தார். 1981-இல், நார்வேயின் ஆஸ்லோ நகரை அடுத்த மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில், வெட்டுப்படாத பிரதி அகப்பட்டது!

அதை அடிப்படையாகக் கொண்டு 2015-இல் கோமோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் படத்தை டிஜிட்டல் முறையில் புதுப்பித்தது. ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே கணினியில் பதிவாகும்; தூசியும் கீறலும் நீக்கப்படும். திரையிடும்போது பிலிம் ஓடித் தேய்வதில்லை. ஆகவே நூறாவது காட்சியும் முதற்காட்சிபோல் தெளிவாக இருக்கும்.

எனினும் துடைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டி முகப்பூச்சு இன்றியே நடித்தார். தோலின் சுருக்கம், உலர்ந்த உதடு, கண்ணீர்த் தடம் ஆகியவையே இப்படத்தின் உயிர். பிலிமுக்கே இயல்பான நுண்புள்ளிகளையும் அழுக்கென்று கருதிக் கணினி துடைத்துவிட்டால், முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். பெரிய திரையில் அக்குறை உடனே கண்ணில் படும். காலம் படியவைத்த அழுக்கு போகவேண்டும். காமிரா கண்டது நிற்கவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவது மனிதக் கண்ணின் வேலை.

வேகத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிஜிட்டல் திரையீடு வழக்கமாக நொடிக்கு 24 சட்டங்கள். மௌனப் படங்கள் பலவும் அதைவிட மெதுவாக ஓடியவை. 20 சட்ட வேகம் வேண்டுமானால், ஐந்து சட்டங்களுக்கு ஒன்றை இருமுறை காட்டவேண்டும். கணக்கில் விருப்பமுள்ள மாணவியர் சரிபார்க்கலாம்: 24-இல் 81 நிமிடம் ஓடும் இப்படம் 20-இல் ஏறத்தாழ 97 நிமிடம் ஓடும். ஜோனின் கன்னத்தில் கண்ணீர் இறங்கும் நேரமும் அதற்கேற்ப மாறுகிறது. எது சரியான வேகம் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.