வேண்டாப் பொருள் விலக்கல்

ஒரு வீட்டிலுள்ள பொருள்கள் நாடோறும் பயன்படுவன, காலந்தோறும் பயன்படுவன, பயன்படாதன என மூவகைப்படும். சோறாக்கும் பானையும் நீரள்ளும் வாளியும் துயிலும் பாயும் முதல்வகையின. பொங்கற்பானையும் விருந்தினர்க்கு விரிக்கும் பாயும் மாரிக்குரிய குடையும் இரண்டாம் வகையின. மூன்றாம் வகையை எடுத்துக்காட்டுதல் அரிது, என்னை? வீட்டாரை வினவினால் அவர் அவற்றை எல்லாம் இரண்டாம் வகையில் வைத்தே விடை கூறுவர். ‘என்றைக்காவது உதவும்’ என்னும் ஒரு சொல்லே பயன்படாப் பொருளைப் பயன்படுபொருளாக்கி, அறையிலும் பரணிலும் கட்டிலின் கீழும் குடியிருத்தி விடுகின்றது. அச்சொல் நம் வீடுகளில் இத்துணை வலிமை பெற்றமைக்குக் காரணம் யாது, ஆண்டு முழுவதும் அதனை அடக்கியொழுகுமாறு எங்ஙனம், இதனை மாணாக்கர்க்குப் பாடமாக்குங்கால் உபாத்தியாயர்கள் கருத வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

நம் முன்னோரது இல்லங்களில் இவ்வினா பெரிதும் எழுந்திலது. அவர் யாவரும் பற்றற்றவர் என்று கொள்ளற்க. அவர் கையாண்ட பொருள்களின் இயல்பு அத்தகையது. யாழ்ப்பாணத்துப் பழைய மண்வீடு பனையோலையாலேனும் தென்னங்கிடுகாலேனும் வேயப்பட்டது. கிடுகு ஓரிரு மாரிக்குமேல் தாங்காது. கோடையிற் பழைய ஓலையை இறக்குமுன் பெட்டகம், பெட்டி, பாய், பானை யாவும் முற்றத்துக்கு வந்தேயாக வேண்டும். வந்தவை வெயிலிற் காய்ந்தன. எல்லார் கண்ணிலும் பட்டன. உளுத்ததும் உடைந்ததும் அங்கேயே பிரிக்கப்பட்டன. கூரை வேய்ந்தபின் மீண்டும் உள்ளே சென்றது வேண்டப்பட்டது மாத்திரமே. இறக்கிய ஓலையும் வேலியிற் பிரித்த ஓலையும் தோட்டத்து மண்ணுக்கு உரமாயின. கிழிந்த கடகமும் சுளகும் அடுப்பில் எரிந்தன. ஓட்டை விழுந்த செம்பும் மூக்குப்பேணியும் கன்னாரிடஞ் சென்று உருகிப் புதுவடிவிற் திரும்பின. கழித்தற்றொழிலை நிலமும் நெருப்பும் கூரையும் செய்தமையால், மனிதர் அதனைத் தனியே கற்க வேண்டியிருந்திலது.

ஓடும் சீமெந்தும் வந்தபின் கூரை பிரிக்கும் நாள் ஒழிந்தது. அஃது ஒழிந்தமை பெருநன்மையே. ஒழுகுங் கூரையின்கீழ் விளக்கையும் நூலையும் நனையாமற் காத்துப் படித்த காலத்தை எவரும் விரும்பி மீட்க நினையார். ஆயின், வீடு முழுவதும் முற்றத்துக்கு வரும் நாளும் உடனொழிந்தது. அதே காலத்திற் பொருளின் இயல்பும் மாறிற்று. பிளாஸ்ரிக்குச் சட்டி உடைந்தால் உரமாகாது, எரித்தால் நச்சுப்புகை, கன்னாருக்கும் ஆகாது. கடகம் தன் காலம் முடிந்ததும் தானே விடைபெற்றது. இக்காலத்துப் பொருளோ நாம் விடைகொடுத்தாலன்றிப் போவதில்லை. வீட்டில் தங்கும் இயல்புடைய பொருள் வந்தகாலத்தே வீட்டை வெறுமையாக்கும் வழக்கம் போயிற்று என்பதே இப்பொருட்பெருக்கத்தின் முதற்காரணமாம்.

மற்றொரு காரணமும் உண்டு. அதனை மென்மையாகவே கூறல் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள், தலையிலும் துவிச்சக்கர வண்டியிலும் ஏற்றக்கூடியவற்றை மாத்திரங் கொண்டு, தென்மராட்சி நோக்கி நடந்தனர். பின்னர் மீண்டவரிற் பலர் கதவும் நிலையும் இல்லாத சுவர்களையே கண்டனர். வன்னியிலிருந்தோர் 2009ஆம் ஆண்டில் அதனினுங் கொடிய இழப்பை அடைந்தனர். அங்ஙனம் எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த தாய் ஒருத்தி, இன்று வெறும் பேணியையும் போத்தலையுங் கழுவி அடுக்கி வைப்பாளாயின், அதனை உலோபம் என்பது அறியாமையாம். அஃது அச்சத்தின் வடு. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லும் உபாத்தியாயர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

எனினும் அந்நாட்களே ஓர் அளவுகோலையுந் தந்து சென்றன. நாழிகைக்கணக்கிற் புறப்பட வேண்டியிருந்தபொழுது மக்கள் எவற்றை எடுத்தனர்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், சிறிது நகை, ஒரு சட்டி, மாற்றுடை, குழந்தையின் மருந்து. அடுக்கடுக்காயிருந்த ஏனங்களையும் அலுமாரியையும் எவரும் எண்ணவில்லை. இன்று பல வீடுகளில் அந்த உறுதியும் சான்றிதழும் எங்கே உள்ளன என்று கேட்டால், பத்துப் பைகளையும் நான்கு இழுப்பறைகளையுங் கிளறிய பின்னரே விடை கிடைக்கும். வேண்டாதது பெருகும்போது வேண்டியது காணாமற் போகின்றது. வீட்டொழுங்கைத் தொடங்குவோர் முதலில் இப்பத்திரங்களை ஒரே உறையிலிட்டு, அவ்வுறை இருக்குமிடத்தை வீட்டிலுள்ள முதிர்ந்தோர் அனைவர்க்கும் அறிவித்தல் வேண்டும். இஃது அரைநாளில் முடியும். மற்றவை மெல்ல நடக்கலாம்.

இனி, வேண்டாப் பொருளால் வருங்கேடு இடநெருக்கம் மாத்திரமன்று. வீட்டினுள் இடமற்றது கோடிக்குச் செல்கின்றது. கோடியிற் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், தயிர்க்கோப்பை, வாய்பிளந்த வாளி என்பன ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழைநீரை ஏற்கின்றன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புக்கு ஆறுங் குளமும் வேண்டா. ஒரு சிரட்டை நீர் போதும். அதன் முட்டை ஏழு முதற் பத்து நாளளவில் பறக்கும் நுளம்பாகின்றது. இதனினும் அறியத்தக்கது ஒன்றுண்டு: அம்முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கிடந்து, நீர் வற்றிய பின்னும் பல மாதம் அழியாதிருந்து, அடுத்த மழையிற் பொரிக்க வல்லது. ஆகலின் நீரை ஊற்றிவிடுதல் மாத்திரம் போதாது. வைத்திருக்க வேண்டிய பாத்திரமாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வேண்டாததாயின் மழைக்குமுன் அப்புறப்படுத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் இந்நோயாற் பீடிக்கப்பட்டனர் என்று கணக்கிடப்பட்டது. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். ‘என்றைக்காவது உதவும்’ என்று கோடியில் வைத்த வாளி உதவியது நுளம்புக்கே.

கிணற்றையும் ஈண்டு நினைக்க. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிடையே தேங்கும் மழைநீரையே கிணறுகள் நமக்குத் தருகின்றன. நிலத்திலிட்டது அவ்வெடிப்புகளின் வழியே விரைந்து கீழிறங்கும். பழைய மின்கலமும் வண்ணப்பூச்சுப் பேணியும் காலங்கடந்த மருந்தும் வேலியோரத்திற் புதைக்கப்படுமாயின், அவை ஒழிந்தன என்பது மயக்கம். துலாக்கிணறாயினும் நீரிறைக்கும் இயந்திரம் பூட்டிய கிணறாயினும் ஊற்று ஒன்றே.

ஆயின் எல்லாவற்றையும் வண்டியிலேற்றி அனுப்பிவிடுதலே தீர்வோ எனின், அன்று. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குவிக்கப்பட்டிருந்த குப்பைமலை சரிந்து அதன் அடிவாரத்து வீடுகளை மூடிற்று. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். நகர வீடுகள் தம் வாயிலிற் கழித்தது ஏழைகளின் கூரைமேல் விழுந்தது. அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்தில் மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் உணவு சுற்றுந் தாள்களுக்கும் தடை வந்தது. தடை வந்தமை நன்றே, ஆயினும் கடையிலிருந்து நாம் பெற்றுவரும் பை முற்றும் நின்றுவிடவில்லை. ஆதலாற் கழித்தலினும் சிறந்தது கொள்ளாமை. வீட்டை வருடத்தில் ஒருநாட் பெருக்கித் தள்ளிவிட்டு எஞ்சிய நாளெல்லாம் நிரப்புவோர், ஓட்டைத் தோணியில் நீரிறைப்பவரை ஒப்பர்.

பொருள் எவ்வழியாக உள்ளே வருகின்றது என்று நோக்குவோம். நாம் வேண்டி விலைகொடுத்து வாங்குவது ஒருபகுதியே. பெரும்பகுதி விழாவின் வழியாகவே வருகின்றது. கலியாணத்திலும் சாமத்தியச் சடங்கிலும் புதுமனை புகுதலிலும் வரும் பரிசுகளில் ஒரேவகைத் தட்டங்கள் ஆறும், சுவர்மணிக்கூடுகள் நான்கும் இருத்தல் எவரும் அறிந்ததே. அவை பெட்டி பிரிக்கப்படாமலே இன்னொரு கலியாணத்துக்குப் பயணமாகின்றன. சில பரிசுகள் தம்மைக் கொடுத்தவரிடமே திரும்பிச் செல்வதும் உண்டு! வெளிநாட்டு உறவினர் அன்பினால் அனுப்பும் பொதிகள் வேறு. புத்தாண்டு, தீபாவளி என்னும் நாட்களில் ஒன்றினை வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் விளம்பரம் வேறு. இலவசமாக வந்ததற்கும் இடம் வேண்டுமன்றோ? இவ்வழக்கங்களை ஒருவர் தனித்து மாற்றல் எளிதன்று. மறுத்தால் அன்பை மறுத்ததாகக் கொள்ளப்படும். ஆயினும் ஒரு குடும்பத்தார் தமக்குள்ளே பேசி, இனி நாம் கொடுப்பது உணவாகவோ மரக்கன்றாகவோ பிள்ளையின் படிப்புக்குரிய பணமாகவோ இருத்தல் வேண்டும் எனத் துணியலாம். கொடுப்பதைத் திருத்தியவர்க்குப் பெறுவதைப் பற்றிப் பேச வாயுண்டாகும்.

ஆண்டின் ஒழுங்கை நோக்கினால், நம் நாட்காட்டியே வேலையைப் பகுத்து வைத்திருத்தல் புலப்படும். தைப்பொங்கலுக்கு முற்றம் மெழுகி அடுப்பு வைக்கின்றோம். அடுக்களை ஏனங்களைப் பார்த்தற்கு அதுவே நாள். புதுப்பானை வந்தால் பழையது எங்கே போகும் என்று அன்றே முடிவுசெய்தல் வேண்டும். சித்திரையிற் புத்தாடை உடுக்கின்றோம். உடுப்புப் பெட்டியைத் திறந்து, வளர்ந்த பிள்ளையின் சட்டையை அது கிழியுமுன், நிறம் மங்குமுன், தோய்த்து மடித்து உரியவரிடம் சேர்த்தற்கு அதுவே நாள். கிழிந்ததைக் கொடுப்பது கொடையன்று. அது நம் குப்பையைப் பிறர் வீட்டில் வைத்தலாகும். கிழிந்த பிடவை துடைக்குந் துணியாய் நம் வீட்டிலேயே உழைக்கட்டும். ஆடியில் காற்றும் வெயிலுங் கூடியிருக்கும். கூழுங் கொழுக்கட்டையும் உண்டபின் அறைகளை ஒவ்வொன்றாய் வெறுமையாக்கிப் பாய் தலையணைகளைக் காயவைத்து, அலுமாரியின் பின்புறத்திற் கறையான் ஏறியிருக்கின்றதா என்று பார்க்கலாம். பழைய கூரை செய்த வேலையை இம்மாதத்தில் நாமே செய்கின்றோம் என்க. புரட்டாதியில் மழை தொடங்குமுன் கோடியும் வளவும். அதனையடுத்து வரும் சரசுவதி பூசைக்கு ஏடு அடுக்குங்காற் புத்தக அலுமாரி. ஒரு நாளிற் செய்யின் மலைப்புத் தருவது, இங்ஙனம் பகுப்பின் ஓரிரு நாழிகை வேலையாகிவிடும். பெரும்பாலும் பெண்களின் தலையில் விழும் அவ்வேலையை ஆண்மக்களும் பகிர்ந்தால் இன்னுங் குறையும்.

புத்தக அலுமாரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கழித்தல் நன்று என்று கேட்ட மாத்திரத்தே பழந்தாள் கட்டுகளை எரியூட்டுவோர் உளர். கரிவலம்வந்தநல்லூரிற் பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓம நெருப்பில் இடப்பட்டன என்று உ. வே. சாமிநாதையர் கேட்டு வருந்தினார். நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிட்டது, ஏடுகளை யாரோ சிலர் வீட்டில் வைத்திருந்தமையாலன்றோ? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபின், இவ்வூரில் தனி வீடுகளிற் கிடக்கும் பழம் பத்திரிகையும் கோயில் விழா மலரும் கைக்கணக்கு நூலும் முன்னிலும் அருமையுடையன. ஓலைச்சுவடியாயினும் பழைய அச்சுநூலாயினும், அறிந்தார் ஒருவரிடங் காட்டாமற் கழித்தல் ஆகாது. பயன்படாதது என்பதும் எனக்குப் பயன்படாதது என்பதும் வெவ்வேறு.

வகுப்பறையில் இப்பாடத்தைத் தொடங்குவோர்க்கு முதலிற் கூற வேண்டியது: உன் வீட்டில் என்னென்ன உண்டு எனப் பிள்ளையைக் கேட்கற்க. அலுமாரி நான்குடைய பிள்ளையும் ஒரே உரப்பையில் உடைமை முழுவதையும் வைத்திருக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். அவ்வினா முன்னவனைச் செருக்குறச் செய்யும். பின்னவனை நாணச் செய்யும். ஒவ்வொருவரும் தத்தம் புத்தகப் பையை மாத்திரம் ஆராய்க. எத்தனை எழுதுகோல், அவற்றில் எழுதுவன எத்தனை, கடந்த கிழமை தொட்டவை எத்தனை என்று தம் கொப்பியிற் குறிக்கட்டும். அக்குறிப்பை உரக்க வாசிப்பித்தல் வேண்டா. கீழ்வகுப்புக்கு இது கூட்டலும் கழித்தலும், மேல்வகுப்புக்குச் சதவீதம். ஆண்டிறுதியிற் கொப்பிகளின் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்து அடுத்த ஆண்டுக்குக் குறிப்புக் கொப்பியாக்கும் பழக்கமும் நன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமையை அறிந்த ஆசிரியர்க்கு அத்தாளின் விலையை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவுங் கூறும் உபாத்தியாயரின் பின்னால் நிற்கும் வகுப்பறை அலுமாரி பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அதனுள்ளே பத்தாண்டுக்கு முந்திய வினாத்தாள்களும், கால் ஒடிந்த பூகோளமும், வகுப்பை விட்டு நீங்கிய பிள்ளைகளின் சித்திரங்களும், மை உலர்ந்த புட்டிகளும் இருக்கும். பாடசாலைப் பொருளைத் தன்னிச்சையாய் எறிதல் முறையன்று. ஆண்டுதோறும் நிகழும் பொருட்கணக்கெடுப்பில் அதிபருக்கு அறிவித்து, பதிவேட்டில் நீக்குவித்த பின்னரே அகற்றல் வேண்டும். சித்திரங்களை உரியவரிடமே சேர்ப்பிக்கலாம். வளர்ந்துவிட்டவர் அவற்றைக் கண்டு மகிழ்வர். அலுமாரியிற் கிடைக்கும் வெறுந்தட்டு ஒன்றில், வகுப்புப் பிள்ளைகள் வாசித்தற்குரிய கதைநூல்கள் பத்தினைக் கைக்கெட்டும் உயரத்திற் பூட்டின்றி வைக்கலாம்.