நெருப்புக்குள் ஒரு பெட்டகம்

தோசைக்கல் காய எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மெல்லிய தகரத் தட்டு சட்டென்று சூடேறிவிடும். கனத்த இரும்புக் கல்லோ நிதானமாகத்தான் காயும்; அடுப்பை அணைத்த பிறகும் அதில் இன்னொரு தோசை வார்த்துவிடலாம். இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளில் கடுமையான கதிரியக்கம் உண்டு. அதை ரயிலிலோ லாரியிலோ கொண்டு செல்லும் எஃகுப் பெட்டகம் வழியில் தீயில் அகப்பட்டால் என்ன ஆகும்? சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகள் இதற்கென ஒரு சோதனையை வகுத்துள்ளன. பெட்டகம் முதலில் 9 மீட்டர் உயரத்திலிருந்து, சற்றும் நெகிழாத தளத்தின்மீது விழவேண்டும். 1 மீட்டர் உயரத்திலிருந்து 15 செ.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டின்மீதும் விழவேண்டும். அடிபட்ட அதே பெட்டகம், பிறகு 800 டிகிரி செல்சியஸ் தீயின் நடுவே 30 நிமிடம் இருக்கவேண்டும். உண்மை விபத்திலும் மோதலுக்குப் பின்தானே தீ வரும்!

பென்சிலை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். 800 டிகிரி என்பது 1073 கெல்வின். ஸ்டெஃபான் - போல்ட்ஸ்மன் விதிப்படி அத்தகைய தீ ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 75 கிலோவாட் வெப்பத்தை வீசும். 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் விட்டமும் கொண்ட உருளையின் புறப்பரப்பு சுமார் 38 சதுர மீட்டர். வீசியதெல்லாம் உள்ளே போனதாகவே கொண்டாலும், 1800 விநாடிகளில் சேர்வது ஏறக்குறைய 510 கோடி ஜூல். பெட்டகம் 100 டன் எஃகு என்றால், எஃகின் வெப்ப ஏற்பு எண் கிலோவுக்கு 480 ஜூல். ஆக வெப்பநிலை சராசரியாக 106 டிகிரிதான் உயர்கிறது! சூடான காற்று உராய்வதால் வரும் வெப்பத்தையும் சேர்த்தால் சற்றுக் கூடும்.

ஆனால் 'சராசரி' என்ற சொல்லில் ஏமாந்துவிடக்கூடாது. வெளித்தோல் இதைவிடப் பல மடங்கு சூடாகும். கதிர்களைத் தடுக்கச் சில பெட்டகங்களில் ஈயம் வைக்கிறார்கள். அது 327 டிகிரியில் உருகிவிடும். மேலும் தீ அணைந்த பிறகும் வெளியிலுள்ள வெப்பம் உள்நோக்கி நடந்துகொண்டே இருக்கும். தோசைக்கல்லின் இரண்டாவது குணம் இதுதான். ஆகவேதான் சோதனை முடிந்ததும் நீரூற்றிக் குளிர்விக்க விதி இடம் தருவதில்லை.

வெப்பம் புகாத போர்வையைச் சுற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! உள்ளிருக்கும் எரிபொருள் தானும் ஓயாமல் வெப்பம் வெளியிடுகிறது. போர்வை போட்டால் அது உள்ளேயே வெந்துவிடும். எனவே போர்வையை எங்கும் போட முடியாது. ஆனால் பல பெட்டகங்களின் இரு முனைகளிலும், மோதலைத் தாங்க மரக்கட்டை நிரப்பிய எஃகு உறைகள் உண்டு. மரம் கருகினால் உண்டாகும் கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. முனையிலுள்ள மூடிக்கு இது நல்ல காவல்.

மூடியைக் காப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெரு சுரங்கப்பாதைக்குள் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு, எரியும் திரவத்துடன் தீப்பிடித்தது. அரை மணி நேரமல்ல, கடுந்தீ பல மணி நேரம் எரிந்தது. அந்த ரயிலில் அணு எரிபொருள் ஏதும் இல்லை. இருந்திருந்தால்? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் மூன்று வகைப் பெட்டகங்களைக் கணினியில் அத்தீயில் வைத்துப் பார்த்தார்கள். எரிபொருள் வெளியேறாது என்று கண்டார்கள். ஆனால் இரண்டு வகைகளில் மூடியின் அடைப்பு வளையம் தன் வரம்பைத் தாண்டிச் சூடாகி, எரிபொருள் கோல்களின் மேற்புறத்தில் படிந்த கதிரியக்கத் துகள்கள் சிறிதளவு கசியக்கூடும் என்றும் தெரிந்தது. மூன்றாவது வகையில் எரிபொருள், பற்றவைத்து மூடிய இன்னொரு உட்கலத்துக்குள் இருந்தது. அதற்கு வளையத்தின் தயவு தேவைப்படவில்லை.