சிறுவர் மணிக்கட்டு எலும்பு முறிவு

மைசூர் நகரின் வடமேற்கிலுள்ள விஜயநகரில் பூங்காக்களும் பள்ளி மைதானங்களும் உண்டு. ஓடும் சிறுவன் இடறினால் கையை முன்னே நீட்டி ஊன்றுகிறான். உடற்பாரம் மணிக்கட்டில் இறங்க, ஆர எலும்பின் கீழ்நுனி முறிகிறது. அப்போது அருகிலிருப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. ஆகையால் இம்முறிவின் தன்மையை அவர் அறிந்திருத்தல் அவசியம்.

குழந்தையின் எலும்பு பெரியோர் எலும்பின் சிற்றுருவம் அன்று. அது வளைந்து கொடுக்கும். மேற்போர்வைச் சவ்வும் தடித்தது. எனவே சிலபோது எலும்பு ஒடியாது நசுங்கி, கோயில் அதிட்டானத்துக் குமுதம்போலப் புடைக்கும். சிலபோது பச்சை வேப்பங்கொம்புபோல ஒருபுறம் பிளந்து மறுபுறம் வளையும். புடைப்பு முறிவு எளியது. ஏறத்தாழ 3 வாரங்களில் ஆறிவிடும். பிரிட்டனில் 965 சிறுவரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், இதற்கு மென்துணிக் கட்டும் கெட்டியான கட்டும் வலியைப் பொறுத்தவரை சமமாகவே பயன்பட்டன. ஆயினும் இன்ன முறிவு என்பதை எக்ஸ்-கதிர்ப் படம் கொண்டே துணிதல் வேண்டும்.

நுனிக்கருகே வளர்ச்சித் தகடு உள்ளது. ஆர எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் முக்கால் பங்கு இதனைச் சார்ந்தது. சிறு கோணல் வளர வளர நிமிரும், திருகல் நிமிராது. பலமுறை இழுத்துத் திருத்த முயன்றால் தகடு பழுதுற்று எலும்பு குட்டையாகலாம். எண்ணெயிட்டு உருவுதலும் கூடாது.

முறிவைவிடக் கட்டே கையைக் கெடுப்பதும் உண்டு. முதல் 2, 3 நாட்களில் வீக்கம் மிகும். இறுக்கமான கட்டு வீக்கத்துக்கு இடங்கொடாது; உள்ளழுத்தம் ஏறித் தசைக்கு இரத்தம் தடைபடும். இந்நிலை சுமார் 6 மணி நேரம் நீடித்தால் தசை மடிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு வோல்க்மன் 1881-ல் இதனை விவரித்தார். நாடி துடிக்கிறதே என்று இருந்துவிடலாகாது. தசை கெடும்போதும் நாடி துடிக்கக்கூடும். வலி மேலும் மேலும் பெருகுதல், விரலை நீட்டினால் பிள்ளை அலறுதல், விரல் மரத்தல், வெளிறுதல் ஆகியவையே எச்சரிக்கை. உடனே துணிக்கட்டை முழுதும் தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. மாவுக்கட்டாயின் அங்கே பிளந்து தளர்த்துவர். விடியட்டும் எனக் காத்திருத்தல் ஆபத்து.

விழுந்தவுடன் வளையல், மோதிரம், கயிறு யாவற்றையும் கழற்றுக. கோணலாயிருந்தால் நிமிர்த்த வேண்டா. கெட்டியான அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ முழங்கை முதல் உள்ளங்கை வரை வைத்து, விரல்கள் வெளியே தெரியத் தளர்வாகக் கட்டி, கையைக் கழுத்துத் தூளியில் தாங்கச் செய்க. மயக்கமருந்து தேவைப்படலாமாதலால் உணவு கொடுக்க வேண்டா. விஜயநகர் போன்ற இடங்களில் இது எளிது. நகரிலேயே கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை உள்ளது. தொலைவான சிற்றூர்களில் பணிபுரிவோர் வழிநெடுக விரல்களைப் பார்த்தவாறே செல்லல் வேண்டும்.

இடம்பெயர்ந்த எலும்பைச் சீராக்கிய பின்னும் அது மீண்டும் நழுவக்கூடும். மருத்துவர் குறித்த நாளில் மறுபடம் எடுக்கப் பெற்றோரை அனுப்புக. மாவுக்கட்டோடு பிள்ளை வகுப்புக்கு வரும் முதல் நாட்களில், அதன் விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்க்க: 2 வினாடிக்குள் சிவப்பு திரும்புதல் வேண்டும்.