கன்று வைக்கும் முன்பு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. போனில் பேசினால் ‘சரிங்கத்தை, சரிங்கத்தை’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். உன் அம்மாவிடம் கேட்டால், ராத்திரி ஒரு மணிவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்கிறாள். எனக்கும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படி.

சிங்கப்பூரை விட்டு வந்தது சரியா தப்பா என்று இனிமேல் யாரிடமும் கேட்காதே. பதினேழு வருஷம் கப்பல் பட்டறையில் கிடந்தவன் ஊர் திரும்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். டீக்கடையில் ‘எப்பப்பா திரும்பப் போறே?’ என்று கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வெளிநாட்டுக்காரன் வந்தால் இரண்டு மாதத்தில் கிளம்பிவிடுவான் என்பது நம் பக்கத்தில் பழகிப்போனது. இன்னும் ஒரு வருஷம் கேட்பார்கள். ‘போகலை’ என்று மட்டும் சொல். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் எது நிஜம் என்று உனக்கே குழம்பிவிடும்.

தோப்பைத் திரும்ப எழுப்புவதா, பேராவூரணிக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை போடுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்லதுதான். கடை என்றால் அன்றாடம் காசு புரளும். ஆனால் கடன் சொல்ல வருகிறவன் எல்லாம் சொந்தக்காரனாக இருப்பான், உனக்கு இல்லை என்று சொல்ல வராது, அது உங்கப்பா குணம். கடையைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. தோப்பைப் பற்றித் தெரியும்.

கஜா அடித்த 2018 நவம்பர் 16 விடியற்காலை நீ இங்கே இல்லை. படத்தில் பார்த்தாய். புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் என்றார்கள். அத்தனை தூரம் தள்ளி இருக்கிற நம் தோப்பில் நாலு மரம் நேராக நிற்கவில்லை. அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் உங்கப்பாவால் விழுந்த மரங்களை அறுத்து வெளியேற்றத்தான் முடிந்தது, தூரைத் தோண்டி எடுக்க முடியவில்லை. புல் மூடிக் கிடக்கிற அந்த மேடுகள் எல்லாம் தூர்தான். அதற்குப் பக்கத்திலேயே குழி வெட்டிக் கன்று வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 1952 புயலுக்குப் பிறகுதான் நம் ஜில்லாவில் தென்னை அடியோடு அழுகிச் சாகிற நோயைக் கண்டுபிடித்தார்கள். தஞ்சாவூர் வாடல் நோய் என்று நம் ஜில்லாப் பேரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பூஞ்சாணம் பழைய தூரிலும் வேரிலும் தங்கியிருந்து புது மரத்தைப் பிடிக்கும். மக்குகிற மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டை வைத்து, இளங்குருத்தைக் குடையும். கன்றுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் தூரை எடுக்கச் செலவழி. எடுத்த இடத்தில் வேப்பம் பிண்ணாக்கு போடு. வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய் மண்ணையும் தண்ணீரையும் காட்டிக் கேட்டுவிட்டு வா.

ஏக்கருக்கு 25 அடி இடைவெளியில் 70 கன்று. நெட்டை என்றால் காய்ப்புக்கு ஆறேழு வருஷம், குட்டை என்றால் மூன்று நாலு வருஷம். உனக்கு இப்போது நாற்பது. நெட்டை வைத்தால் முதல் காய் இறக்கும்போது நாற்பத்தேழு ஆகிவிடும், சின்னவள் காலேஜ் வாசலில் நிற்பாள். அதுவரைக்கும் வாழையும் உளுந்தும் கடலையும்தான் சோறு போட வேண்டும். புது ஆற்றுத் தண்ணீரை நம்பாதே. 1934-லிருந்து அந்தக் கால்வாய் ஓடுகிறது, கடைமடைக்காரன் எல்லா வருஷமும் காத்துத்தான் கிடக்கிறான். மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் நம் மடைக்கு வருவது எப்போது என்று சொல்ல முடியாது. இதெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் செலவுக்கெல்லாம் ஆடியில் மொய் விருந்து போடப் போகிறாய், பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மொய் விருந்தைக் குறை சொல்ல மாட்டேன். பேராவூரணியிலும் கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் எத்தனையோ குடும்பம் அதனால்தான் நிமிர்ந்தது. வட்டி கிடையாது, ஈடு கிடையாது, ஆட்டுக்கறிச் சோறு போட்டு ஒரு நாளில் முதல் திரட்டுகிற வேலையை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயையும், கொடுத்தவன் விருந்து போடும்போது மேலே கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். அவன் விருந்து உன் வாழை தார் தள்ளுகிற வரைக்கும் காத்திருக்காது. ஊருக்கு வந்த கையோடு ஐந்நூறு வீட்டுக்குக் கடன்காரனாகிவிட்டு அப்புறம் பயிர் வைப்பதா?

பத்திரிகை விநியோகிக்கும் முன்பு மர அலமாரியில் இருக்கிற உங்கப்பாவின் மொய் நோட்டை எடுத்துப் படி. அவர் வாங்கித் திருப்பாதது யார் யாருக்கு என்று குறித்துக்கொள், அது இப்போது உன் கணக்கு. அப்படியே நீ இல்லாத வருஷங்களையும் புரட்டிப் பார். நம் வீட்டுக்காக ஊர் ஊராகப் போய் மொய் செய்தது யார் என்று உன் அம்மாவிடம் கேள். உன் அக்கா வீட்டுக்காரர். கொரோனாவில் உங்கப்பாவுக்கு ஆக்சிஜன் தேடி அலைந்ததும் அவர்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது உன் அக்கா. நீ விமானம் இல்லாமல் அங்கே தவித்ததும் எனக்குத் தெரியும். உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை.

‘அக்கா ஒண்ணும் கேக்கலைத்தை, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு அதுவே சொல்லிடுச்சு’ என்றாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை, மருமகனே. 1997-இல் உங்க தாத்தா காரியம் முடிந்த மாதமே பாகப்பிரிவினை பேசினார்கள். என் கல்யாணம் 1984. பெண்ணுக்கும் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டம் வந்தது, அதற்கு முன்னால் கல்யாணமானவளுக்கு இல்லை என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் தாத்தாவின் சொந்தப் பங்கில் எனக்கும் ஒரு துண்டு சேர வேண்டும், அதனால்தான் கையெழுத்து கேட்டார்கள். உன் சின்ன அத்தைக்கு 91-இல் கல்யாணம், அவளுக்கு முழு உரிமையே இருந்தது. இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, இலை எடுத்த கையோடு பத்திரத்தை நீட்டினார்கள். ஆளுக்கொரு பட்டுப்புடவை. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. உங்கப்பா மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

2005 செப்டம்பர் 9 முதல் அந்தக் கல்யாணக் கட்டுப்பாடும் இல்லை என்று மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை செல்லும் என்று அதிலும் எழுதியிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போகட்டும். எனக்கு நெல்லுக்கோ துணிக்கோ குறைச்சல் இல்லை, மாமா வைத்துக் காப்பாற்றினார். ஆனால் உங்கப்பா பொங்கலுக்குப் பொங்கல் சாக்கில் தேங்காய் போட்டு அனுப்புவார். அதை வாங்கிக்கொண்டு நான் நன்றி சொல்ல வேண்டும். நான் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சிய தோப்பின் காய்க்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் பாசமாக அனுப்பியதை இப்படி எழுதுவதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உன் அக்கா அந்த நிலைக்கு வரக்கூடாது.

உன் அக்கா விஷயத்தில் சட்டச் சந்தேகமே இல்லை. உங்கப்பா பாகத்தில் வந்த அந்த நிலத்தில் உனக்கு எப்படியோ அவளுக்கும் அப்படித்தான். 2005 திருத்தம் வந்த அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற கேள்வியையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது. அம்மாவுக்கும் பங்கு உண்டு, அதை மறந்துவிடாதே.

நீ செய்யக்கூடியது இரண்டு. அவள் பாகத்தை அளந்து அவள் பேருக்கே எழுதிவிட்டு, அவள் சம்மதித்தால் குத்தகை கொடுத்து நீயே பயிர் செய். இல்லை, அவள் நிஜமாகவே வேண்டாம் என்றால் இன்றைய விலை போட்டு, மூன்று தவணையானாலும் சரி, பணமாகக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கு. எது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் இதில் தலையிட மாட்டேன். ஒன்றும் கொடுக்காமல் கையெழுத்து மட்டும் வாங்குவதென்றால் சாட்சிக்கு மாமாவைக் கூப்பிடாதே. அவர் வர மாட்டார்.

பட்டா இன்னும் அப்பா பேரில்தான் கிடக்கிறது. வாரிசுச் சான்று வாங்கு, மூன்று பேர் பேரிலும் பட்டாவை மாற்று, பாகப்பத்திரம் பதிந்த பிறகு சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா எடு. குடும்பத்துக்குள் எழுதிக்கொண்டால் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், பெரிய செலவில்லை. இது முடியாமல் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் கிடைக்காது, சொட்டுநீர் மானியமும் கிடைக்காது. நாளைக்கு இன்னொரு புயல் வந்தாலும் நிவாரணம் தர முதலில் பார்ப்பது பட்டாவைத்தான். இதற்கெல்லாம் நாலைந்து மாதம் ஓடும். ஓடட்டும். ஆனி ஆடியை விட்டால் மார்கழி தை நடவு இருக்கிறது, தூர் எடுக்கவும் அவகாசம் கிடைக்கும். மொய் விருந்தை அடுத்த வருஷம் போடு, அப்போது முதல் பந்தியில் உன் அக்கா வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. ஊரில் எந்தக் கூலியாள் நம்பகம், எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் உன் சம்சாரத்துக்குத் தெரியும். நீ இல்லாத வருஷங்களில் நடத்தியவள் அவள். வந்ததிலிருந்து நீயே எல்லாவற்றையும் முடிவு செய்கிறாயாம். அவளைக் கேட்காமல் ஒரு குழிகூட வெட்டாதே.

ரொம்பப் பேசிவிட்டேன். உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, கண்ணு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிலேயே மனசு சுத்தமானவன் நீதான் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன், உன் மாமா சாட்சி. முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு அனுப்பிய கைக்கடிகாரம் இன்றைக்கும் ஓடுகிறது, அதைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறேன். நீ திரும்பி வந்துவிட்டாய் என்று கேட்ட அன்றைக்கு என் வயிறு குளிர்ந்தது. பணம் குறைந்தால் யாரிடமும் கேட்காதே, என் இரட்டைவடச் சங்கிலி சும்மாதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. திருப்பித் தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டைக்கு எல்லாரும் வாருங்கள். அக்காவையும் மாப்பிள்ளையையும் நானே போன் செய்து வரச் சொல்கிறேன். மாமா காலையிலேயே மல்லிப்பட்டினம் போய் நண்டு வாங்கி வருவார். சின்னவளுக்குக் காரம் குறைத்துத் தனியாகச் செய்து வைக்கிறேன். வரும்போது பழைய பாகப்பத்திரத்தையும் பட்டா நகலையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
அத்தை